செய்முறைத் தாளில் விட்ட வரி

ஜூன் 5, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு கம்பெனியுடையது. சூடு, நேரம், அளவு இவற்றை எழுதி வைக்கத்தான் முதலாளி தண்டபாணி சார் கொடுத்தார். முன்பக்கத்திலிருந்து அவற்றை எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இதை. நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு எனக்கு எதுவும் நடந்துவிடவில்லை. வாயால் சொல்ல வராததை எங்காவது வைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ரப்பர் தொழில்நுட்பம் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். அப்பா கிணத்துக்கடவில் தேங்காய் உரிக்கிறார். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் குறிச்சிக்கு வருகிறேன். பட்டறையில் ரப்பரைச் சூட்டில் அழுத்தி வேகவைக்கும் மூன்று பிரஸ், ஒரு ஓவன், பதினான்கு பேர். இதுவரை பம்புகளுக்கு சிலிகான் வாஷர்தான் செய்துகொண்டிருந்தோம்.

இன்று சார் ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

"மோகனா, இது வேற சங்கதி. பொறந்ததும் அழுகாத கொழந்தைக்குப் பையை அமுத்தி மூச்சு குடுப்பாங்கல்ல, அந்தப் பைக்குள்ள இருக்கற வால்வு. அமுத்துனா தொறக்கோணும், விட்டா மூடிக்கோணும். அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவும் தப்பாம நடக்கோணும்."

கட்டைவிரல் நுனி அளவில் ஒரு கிண்ணம். அடியில் இரண்டு உதடுகள் தட்டையாகச் சேர்ந்திருக்கின்றன. கட்டிங் மேஜையிலிருந்த வசந்தாமணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "வாத்து மூக்காட்ட இருக்குதுங் சார்" என்றார். அன்றிலிருந்து, அதாவது இன்று காலை பத்து மணியிலிருந்து, அதன் பெயர் வாத்து.

ஜூன் 9, வெள்ளி

சோதனைக்காக ஒரே ஒரு குழி உள்ள அச்சு வந்தது. சிலிகான் கட்டி பிசைந்த மைதா மாவு போலவே இருக்கிறது. கிள்ளி, எடை போட்டு, அச்சில் வைத்து, நூற்றெழுபது டிகிரியில் ஆறு நிமிடம்.

முதல் வாத்தின் உதட்டில் குமிழி. இரண்டாவதிலும் குமிழி. பதினோராவது, எடுக்கும்போதே கிழிந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் அருள்தாஸ் அண்ணன் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, "பல்லு வெச்ச வாத்து இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, வியாழன்

குமிழி போய்விட்டது. மாவை நடுவில் உருண்டையாக வைக்காமல் ஓர் ஓரமாகச் சுருட்டி வைத்தேன். காற்று மறுபக்கமாக வெளியேறிவிடுகிறது. சாரிடம் சொல்லப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வால்வை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அவரே வந்து, "இதுக்கு மேல ஒரு சீட்டாவது எழுதி வெக்கலாமல்ல? பூனை கொண்டாந்து போட்டதாட்டப் போட்டுட்டுப் போயிட்டியே" என்றார்.

ஜூன் 21, புதன்

இப்போது வேலை ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. அடுத்த வால்வு பிரஸ்ஸில் வேகும் ஆறு நிமிடத்தில், முந்தையதன் பிசிறை எடுத்து, உதடுகளுக்கு நடுவே பிளேடால் கீறிவிடுகிறேன். பிறகு எல்லாவற்றையும் டிரேயில் அடுக்கி இருநூறு டிகிரி ஓவனில் நான்கு மணி நேரம். சிலிகானில் மிச்சமிருக்கும் ஆவியெல்லாம் போக வேண்டும், மருத்துவச் சாமானாயிற்றே.

ஆறியதும் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கவாட்டில் அமுக்கினால் வாயைத் திறக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது "ஆ காட்டு" என்று சொல்லிக்கொண்டே அமுக்குகிறேன். அறுபதையும் அப்படித்தான் வழியனுப்பினேன். நாளை சென்னைக்குப் போகின்றன.

ஜூலை 20, வியாழன்

மாதிரி பாஸாகிவிட்டது. அறுபதில் அறுபதும். மூச்சுப்பை செய்யும் சென்னைக் கம்பெனியின் ஹேமலதா மேடம் போனில் சொன்னாராம். சார் பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தார்.

"செய்முறைத் தாள் நீயே எழுதீரு மோகனா. கீழ உன்ற பேரு போடு. உற்பத்தியில அத வரிக்கு வரி அப்படியே பண்ணோணும். கூட ஒன்னும் வேண்டாம், கொறைய ஒன்னும் வேண்டாம்."

பதினோரு வரி வந்தது. கணினியில் அடித்து, கீழே 'தயாரித்தவர்: சு. மோகனப்பிரியா' என்று போட்டேன். ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்பா பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். "எம்புள்ள கொழந்தைக்கு மூச்சு வர்ற சாமான் செய்யறா" என்று அவர் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

ஆகஸ்ட் 28, திங்கள்

பதினாறு குழி அச்சு வந்து இறங்கியது. தூக்க நான்கு பேர் வேண்டும்.

ஆகஸ்ட் 31, வியாழன்

ஏழாவது குழியிலும் பன்னிரண்டாவது குழியிலும் உதடு மெலிந்து வருகிறது. அச்சு மறுபடி அதைச் செய்தவர்களிடமே போயிற்று. முன்பக்கத்தில் நான்கு பக்கம் எண்களாகவே எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, புதன்

உற்பத்தி தொடங்கியது. என் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு பிரஸ் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைக் கடந்து போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

கட்டிங் மேஜை வசந்தாமணி அக்காவுடையது. ஒன்பது வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இடது கை வால்வை எடுக்கும், வலது கை கீறும், பிளேடு இருநூறுக்கு ஒருமுறை மாறும். எண்ணுவது உதட்டில் தெரியாது. நடுவில் என்னைக் கேலி செய்யவும் நேரம் இருக்கும்.

"ஏங்கண்ணு, உனக்குப் பேச்சு ரேசன்லயா குடுக்கறாங்க?"

"இல்லக்கா."

"பாரு, ஒரு வார்த்தையோட கடையச் சாத்திட்டா. இந்த மாசக் கோட்டா முடிஞ்சுது போ."

ஒன்பது வருடத்தில் தன் மேஜையிலிருந்து போன ஒரு சாமான்கூடத் திரும்பி வந்ததில்லை என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

செப்டம்பர் 21, வியாழன்

மதியம் ஹேமலதா மேடத்திடமிருந்து வீடியோ வந்தது. பையை அமுக்குகிறார்கள், காற்று போகவில்லை. வால்வு வாயை மூடிக்கொண்டே இருக்கிறது. இருநூறில் ஏழு அப்படியாம். ஆஸ்பத்திரி எதற்கும் இன்னும் போகவில்லை, எல்லாம் அவர்கள் கிடங்கில்தான் இருக்கின்றன என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அருள்தாஸ் அண்ணன் நம் கையிருப்பிலிருந்து நூறு எடுத்தார். ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கி, வாயைத் திறந்து, லென்ஸில் கீறலைப் பார்த்தார். நூறும் நன்றாக இருக்கின்றன. அங்கே திறக்காதது இங்கே திறக்கிறது.

சாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மருத்துவச் சாமானில் இது அவருடைய முதல் ஆர்டர்.

செப்டம்பர் 22, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 23, சனி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

டீ வேளைக்குக் கொஞ்சம் முன்னால் சார் கீழே வந்து பிரஸ் மூன்றையும் நிறுத்தச் சொன்னார். எல்லோரும் இருந்தோம்.

"ஏழு சாமான் வெட்டாமயே போயிருக்குது. கட்டிங் மேஜை யாருது?"

வசந்தாமணி அக்கா எழுந்து நின்றார். "எல்லாத்தையும் வெட்டித்தானுங்க சார் போட்டேன்."

"அப்பறம் எப்படி மூடியிருக்குது? தானா ஒட்டிக்குமா?"

"அது எனக்குத் தெரியாதுங். வெட்டுனது எனக்குத் தெரியுமுங்."

"கொழந்தைக்குப் போற சாமானுங்க இது. எண்ணிக்கை காட்டறதுக்காகத் தாண்டித் தாண்டிப் போயிட்டீங்களா? கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்க. கூப்படறேன்."

சார் கத்தவில்லை. அவர் கத்தியே நான் பார்த்ததில்லை. அக்கா மேல்கோட்டைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தார். பிளேடைத் துடைத்து டப்பாவில் போட்டார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, டீ குடிக்காமல் போய்விட்டார்.

இடையில் சார் என்னிடமும் ஒரு கேள்வி கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

செப்டம்பர் 25, திங்கள்

கட்டிங் மேஜையில் என்னை உட்காரச் சொன்னார் சார். அக்கா ஒரு மணி நேரத்தில் செய்வதை நான் மூன்று மணி நேரத்தில் செய்தேன். ஒவ்வொன்றையும் வெட்டினேன். வெட்டியதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் டிரேயில் வைத்தேன். சாயங்காலம் வலது கட்டைவிரலைக் கீறிக்கொண்டேன். அருள்தாஸ் அண்ணன் கட்டுப் போட்டுவிட்டு, "வாத்து கடிச்சுருச்சா?" என்றார். சிரிப்பு வரவில்லை அவருக்கும்.

செப்டம்பர் 26, செவ்வாய்

விரலில் கட்டு இருப்பதால், ஓவனிலிருந்து வந்து ஆறிய வால்வுகளை இடுக்கியால் எடுத்தேன். தூசி போகச் சொட்டுக்குழாயால் ஒவ்வொரு கிண்ணத்திலும் சுத்தமான நீர் விட்டேன். நீர் உடனே கீறல் வழியாக வடிந்துவிடும்.

ஒன்றில் வடியவில்லை. கிண்ணம் நிறைய நீர் நின்றது.

அது நேற்று நான் வெட்டியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது.

டிரேயில் அறுபத்து நான்கு. ஐந்தில் நீர் நின்றது. ஒன்றை இடது கையால் பக்கவாட்டில் அமுக்கினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். நீர் மேஜையில் கொட்டியது. மறுபடி நீர் விட்டேன். ஒழுங்காக வடிந்தது, எதுவுமே நடக்காததுபோல.

மற்ற நான்கையும் அமுக்கவில்லை. ஒரு டப்பாவில் போட்டு என் பையில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 27, புதன்

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சனிக்கிழமையோடு எனக்கு ஆறு மாதம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் தயாராகிறது என்று ஆபீஸில் சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னேன். இட்லிக்கு ஊறப்போட்டாள்.

செப்டம்பர் 28, வியாழன்

எனக்கு செவ்வாய்க்கிழமையே புரிந்துவிட்டது. நேற்று ஏன் இட்லியைப் பற்றி எழுதினேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும்.

சிலிகான் பிரஸ்ஸில் முழுதாக வெந்துவிடுவதில்லை. மிச்சம் ஓவனில்தான் வேகிறது. வெட்டிய உடனே இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இருநூறு டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் சில வால்வுகளில் வெட்டு லேசாக ஒட்டிக்கொள்கிறது. விரல் பட்டால் விட்டுவிடும். பச்சைக் குழந்தைக்கு மெதுவாகக் கொடுக்கும் காற்றுக்கு விடாது.

மாதிரி அறுபதும் பாஸாகக் காரணம் இருக்கிறது. அறுபதையும் நான் "ஆ காட்டு" என்று அமுக்கியிருந்தேன். அதை ஒரு வேலையாகவே நான் நினைக்கவில்லை. தாளில் எழுத வெட்கமாக இருந்திருக்கும். உற்பத்தியில் என் தாளை வரிக்கு வரி அப்படியே செய்தார்கள். அருள்தாஸ் அண்ணன் நூறையும் விரலால் திறந்து பார்த்துவிட்டு, நூறும் திறக்கிறது என்றார். சோதிக்கும் கையே அதைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறது.

அக்கா எல்லாவற்றையும் வெட்டித்தான் போட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சார் என்னிடம் கேட்டது இதுதான்: "மோகனா, நீ படிச்சவ, நீ சொல்லு. வெட்டுன சிலிகான் தானா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது சார்" என்றேன்.

எப்போதும் என் குரல் இரண்டடிக்கு மேல் கேட்காது. அன்றைக்கு எல்லோருக்கும் கேட்டது.

செப்டம்பர் 30, சனி

சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பதைவிட, காட்டிவிட்டேன். நான்கு வால்வுகளையும் சொட்டுக்குழாயையும் சாரின் மேஜையில் வைத்து நீர் விட்டேன். நான்கிலும் நீர் நின்றது. ஒன்றை அவர் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னேன். டிக். அவர் சட்டைக் கையில் நீர் கொட்டியது.

"இத யாரு வெட்டுனது?"

"நான் சார். வசந்தாமணி அக்கா போன பின்னால." பிறகு, தாளில் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். ஒட்டுமா என்று தெரியாமலே ஒட்டாது என்றதையும் சொன்னேன். நடுவில் இரண்டு முறை நின்றுபோனேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

ஈரச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு சென்னைக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொன்னார். "எங்க பக்கத் தப்புதாங்க மேடம். கண்டுபுடிச்சுட்டோம்." இனிமேல் ஓவன் முதலில், கட்டிங் பிறகு. கடைசியில் ஒவ்வொரு வால்விலும் நீர் விட்டுப் பார்க்க வேண்டும், விரலால் தொடும் முன்னால். தாளை என்னையே திருத்தச் சொன்னார்.

எழுந்தபோது ஒரு உறையைக் கொடுத்தார். நிரந்தரக் கடிதம். தேதி நேற்றையது.

"சார், இது..."

"வெச்சுக்க. தப்பு எல்லாரும் பண்ணுவாங்க. கொண்டாந்து மேஜை மேல வெக்கறவங்க கம்மி."

வாசல்வரை போன பிறகு, "வசந்தாமணியம்மாவ செவ்வாக்கெழம வரச் சொல்லீரு" என்றார். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்டோபர் 1, ஞாயிறு

ஈச்சனாரியில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போனேன். அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அடடே, பேசாத புள்ள ஊடு தேடி வந்திருக்குது. வா கண்ணு."

காபி வரும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டேன். இல்லையென்றால் சொல்லாமலே திரும்பிவிடுவேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டாது என்று சொன்னது நான்தான் என்று முடித்தபோது அக்கா என்னைப் பார்த்தார்.

"தெரியுமே. நானுந்தான பக்கத்துல நின்னுட்டிருந்தேன்."

"எம்மேல கோவமாக்கா?"

"ரெண்டு நாள் இருந்துது. நல்லாவே திட்டுனேன். உனக்கு விக்கல் வந்திருக்கோணுமே?" காபியை ஆற்றிக் கொடுத்தார். "அப்பறம் யோசிச்சேன். நீயே நடுங்கீட்டு நின்ன. உன்றகிட்டப் போய்க் கேட்டாரு பாரு."

"சார் செவ்வாக்கெழம வரச் சொன்னாருங்க்கா."

"என்னன்னு சொன்னாரு?"

"வரச் சொல்லீருன்னு."

"அவ்வளவுதானா?"

நான் தலையாட்டினேன். அக்கா கொடியிலிருந்த ஒரு துண்டை எடுத்து, உதறி, மறுபடியும் அதே இடத்தில் போட்டார்.

"வேல கெடைக்கும் கண்ணு. பக்கத்துக் கம்பெனியிலயே ஆள் கேக்கறாங்க. ஆனா அங்க பதிமூனு பேரு முன்னால ‘தாண்டித் தாண்டிப் போயிட்டீங்களா’ன்னாரல்ல, அது அந்த எடத்துலயே கெடக்குது. நான் வந்து உக்காந்தா அது மேலதான உக்காரோணும்? நான் வரல. நீ பலகாரம் எடுத்துக்க."

அக்டோபர் 3, செவ்வாய்

அக்கா வரமாட்டார் என்று சாரிடம் சொன்னேன். காரணத்தையும் பாதி சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

"ஆயுத பூஜைக்கு இன்னும் மூனு வாரம் இருக்குது. அன்னைக்குக் குடும்பத்தோட கூப்புட்டு, நல்ல சேலையா ஒன்னு எடுத்துக் குடுத்துரலாம். மனசு சரியாப் போயிரும். என்ன மோகனா?"

"சரிங் சார்" என்றேன்.

படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது. சரி இல்லை. அவர் கேட்டதற்கு மறுபடியும் ஒரு தப்பான பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 4, புதன்

மதிப்பிற்குரிய சார்,

இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து, திருத்திய செய்முறைத் தாளோடு உங்கள் மேஜையில் வைக்கிறேன். தாளில் இப்போது பதிமூன்று வரிகள் இருக்கின்றன. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

நேற்று நீங்கள் கேட்டபோது சரி என்று சொன்னேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அக்காவுக்குச் சேலை வேண்டாம் சார். பூஜையன்று எல்லோரும் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். அவர் வாங்கிக்கொள்ளவும் செய்வார், உங்கள் மரியாதைக்காக. மறுநாளும் அவர் தாண்டிப் போனவராகத்தான் இருப்பார்.

நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. தப்புச் செய்த என்னைக் கதவைச் சாத்திக்கொண்டு மன்னித்தீர்கள். தப்பே செய்யாத அவரை எல்லோருக்கும் நடுவில் நிறுத்திவிட்டோம். உங்கள் மேல் மட்டும் குறை சொல்லவில்லை. கேள்வி உங்களுடையது, பதில் என்னுடையது.

என் நிரந்தரக் கடிதத்தை நான் இன்னும் கையெழுத்திட்டுத் தரவில்லை. அதை வைத்து உங்களிடம் பேரம் பேசுவதாக நினைக்க வேண்டாம். கையெழுத்திட என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். பூஜை வரைக்கும் காத்திருக்காமல், இந்த வாரமே, ஒரு வேலை நாளில், அக்கா வீட்டுக்கு நீங்களே போய் அழைத்து வாருங்கள். அன்று பிரஸ் மூன்றையும் நிறுத்திவிட்டுத்தான் அவரைக் கேட்டீர்கள். அதேபோல மூன்றையும் நிறுத்திவிட்டு, ‘வசந்தாமணியம்மா எல்லாத்தையும் வெட்டித்தான் போட்டாங்க’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அடுத்து, தாளை எழுதியது யார், ஒட்டாது என்றது யார் என்பதை நான் சொல்கிறேன். என் குரல் எழும்ப நேரமாகும். அதுவரை பிரஸ்ஸை ஓட்டிவிடாமல் பொறுத்துக்கொள்ளுங்கள், சார்.

சு. மோகனப்பிரியா